நரையும் திரையும்

தமிழில் திரை என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. கடலில் எழுந்து விழும் அலை திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கம் திரை. ஒன்றை மறைப்பதற்காகத் தொங்கவிடும் துணியும் திரை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அமைப்பைச் சொல்லுமிடத்தில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிப்பிடுகிறது. மூன்றும் மறைப்பதற்கும், உரிய நேரத்தில் விலகுவதற்கும் ஆனவை. அன்று திரை விலகினால்தான் காட்சி. சினிமா வந்தபின் இவ்வுறவு தலைகீழாகிவிட்டது. இன்று திரை விரிந்தால்தான் காட்சி.

இத்தனை பெரிய மாற்றத்துக்கு ஆளான அந்தத் துணியைப் பற்றி நம்மிடம் பேச்சு மிகக் குறைவு. நடிகர்களைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் நூல்கள் இருக்கின்றன. இடிக்கப்பட்ட கொட்டகைகளுக்குக்கூட இரங்கற் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. திரையைப் பற்றி எழுதுவோர் அரிது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மடிப்பாக்கம் என்று தென்சென்னைப் புறநகர்களில் வீட்டின் ஓர் அறையைப் படம் பார்க்க ஒதுக்குபவர்கள் இன்று இருக்கிறார்கள். புரொஜெக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் செலவிடும் அவர்களில் பலர், திரை என்று வரும்போது ‘ஏதோ வெள்ளையாக இருந்தால் சரி’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த ‘ஏதோ வெள்ளை’க்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் தேர்வும் எளிதாகும் என்பது என் எண்ணம்.

விளக்குக்கு முன்னும் பின்னும்

சினிமாவுக்கு முன்பே ஒளி விழும் துணியை நாம் அறிந்திருந்தோம். தோல்பாவைக் கூத்தில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கும், விளக்குக்கும் துணிக்கும் இடையில் பாவையும் இருக்கும். பாலக்காட்டுப் பகுதிக் கோயில்களின் கூத்து மாடங்களில் கம்பராமாயணச் செய்யுள்களைச் சொல்லி நிகழ்த்தும் பாவைக்கூத்தில், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். ஆயப்புடவை எனப்படும் அந்தத் திரையின் மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. இங்கே துணியின் வேலை ஒளியை ஊடுருவ விடுவது. மெல்லிய பருத்தி அதற்குப் போதும்.

ஐரோப்பாவிலிருந்து வந்த மாயவிளக்கும் பின்னர் சினிமாவும் விளக்கைப் பார்வையாளனின் முதுகுப் பக்கம் கொண்டுபோயின. இப்போது துணி ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். மெல்லிய பருத்தியில் விழும் ஒளியின் ஒரு பகுதி இழைகளுக்கிடையே மறுபுறம் போய்விடும். அந்த அளவுக்குப் படம் மங்கும். துணிக்குப் பின்னாலிருந்து படம் வீழ்த்தியவர்களுக்கோ இதற்கு நேர்மாறான தேவை. அவர்கள் துணியை நீரில் நனைத்தார்கள். நனைந்த வேட்டியில் உடல் தெரிவதன் காரணம்தான் இதற்கும்: இழைகளுக்கு நடுவிலுள்ள காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, ஒளி சிதறுவது குறைந்து ஊடுருவுவது கூடுகிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் ஏறத்தாழ 21 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் கொண்ட துணியை நீரில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். மண்டபத்தின் இருபுறமும் அமர்ந்தவர்கள் ஒரே படத்தைப் பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய திரை அன்று ஓர் ஈரத்துணி.

எஸ்பிளனேடில் ஒரு கூடாரம்

லூமியேர்களின் படங்கள் இந்தியாவில் முதலில் காட்டப்பட்டது 1896 ஜூலை 7 அன்று, பம்பாயின் வாட்சன் ஓட்டலில். அடுத்த ஆண்டே சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சலனப்படம் ஓடியது. ஆனால் தமிழகம் சினிமாவைக் கண்டது மண்டபங்களில் அல்ல, கூடாரங்களில். தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகத் திருச்சியில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1909இல் சென்னை எஸ்பிளனேடில் அவருடைய கூடாரம் எழுந்தது. தமிழ்நாட்டின் டூரிங் டாக்கீஸ் மரபு அவரிலிருந்து தொடங்குகிறது.

நாடோடிக் காட்சியாளனுக்குத் துணித்திரை தவிர்க்க முடியாதது. மடித்துப் பெட்டியில் வைக்கலாம், துவைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. பளபளப்பற்ற வெண்பரப்பு தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறடிக்கிறது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அதன் வெளிச்சம் ஒன்றாகவே தோன்றும். இதை ஜெர்மன்மொழி அறிஞர் லாம்பர்ட் 1760இல் எழுதிய ஒளியளவியல் நூலில் விதியாக வகுத்தார். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்த தரை டிக்கெட்காரருக்கும், ஓரத்து பெஞ்சில் அமர்ந்தவருக்கும், பின்னால் நாற்காலியில் சாய்ந்தவருக்கும் அந்தத் துணி ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் கொடுத்தது. கொட்டகையில் கட்டணம் வேறு, இருக்கை வேறு, நுழைவாயிலும் வேறு. வேறுபாடு பார்க்காதது திரை மட்டும்தான்.

வெள்ளி வந்த விதம்

திரை ஒளியை உண்டாக்குவதில்லை. வந்ததைப் பங்கிடுகிறது, அவ்வளவே. திரையின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

தொடக்ககால விளக்குகள் வலுக்குறைந்தவை. படம் பெரிதாகப் பெரிதாக மங்கியது. நடுவில் இருப்பவர்களுக்காவது படம் பளிச்சென்று தெரியட்டும் என்ற எண்ணத்தில், துணியின்மேல் உலோகப் பொடி கலந்த வண்ணத்தைப் பூசினார்கள். பெரும்பாலும் அது அலுமினியம். ஆனால் பெயர் என்னவோ வெள்ளியைச் சேர்ந்தது. நாம் வெள்ளித்திரை என்று எழுதும்போதெல்லாம் அந்தப் பூச்சைத்தான் நினைவுகூர்கிறோம். பின்னர் நுண்ணிய கண்ணாடி மணிகளை ஒட்டிய திரைகளும் வந்தன. இவ்விரண்டின் வழிகளும் வேறு. உலோகத் திரை ஓரளவு கண்ணாடிபோல் நடந்துகொள்ளும்: மேலிருந்து வரும் ஒளியைக் கீழ்நோக்கி அனுப்பும். மணித்திரையோ வந்த வழியே திருப்பும்: புரொஜெக்டருக்கு அருகில் இருப்பவருக்கே நல்ல வெளிச்சம். சிறிய 16 மி.மீ. கருவிகளைக் கொண்டு வகுப்பறைகளிலும் திரைப்படச் சங்கங்களிலும் படம் காட்டியவர்கள், முக்காலியில் நிற்கும் மணித்திரைகளை விரும்பியதற்குக் காரணம், விளக்கின் வலுக்குறைவை அவை ஈடுகட்டின என்பதே.

நடுவில் கூடிய வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஓரத்திலிருந்துதான். இந்தக் கூடுதலைத்தான் கடைக்காரர்கள் இன்று ‘கெயின்’ என்ற எண்ணால் சொல்கிறார்கள். பளபளப்பற்ற வெண்மைக்கு அது 1. அந்த எண் 2 என்றால், நேர் எதிரே அமர்ந்தவருக்கு இருமடங்கு வெளிச்சம். அதற்கான விலையைப் பக்கவாட்டில் அமர்ந்தவர் கொடுத்தாகவேண்டும். கெயின் கூடக்கூட, பார்க்கும் கோணம் குறுகும். இந்தக் கணக்கிலிருந்து தப்பிய திரைப்பொருள் எதுவும் இல்லை.

பேசும் துணி

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. டி. பி. ராஜலட்சுமி திரையில் பேசவும் பாடவும் செய்தார். குரல் உதட்டிலிருந்து வருவதுபோல் தோன்ற வேண்டுமென்றால் ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். பூச்சு கனத்த திரையும், சிமெண்டு பூசி வெள்ளையடித்த சுவர்த்திரையும் ஒலியைத் தடுத்துவிடும். ஆகவே பேசும்படம் உலகெங்கும் திரையைத் துளையிட வைத்தது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் பரப்பில் 5 முதல் 8 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஒளியும் போகும். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே செய்துகொண்ட இந்த உடன்பாடு இன்றைய திரையரங்குகளிலும் தொடர்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்தியின் இடத்தைப் பி.வி.சி. பிடித்தது.

அதே 1931தான் தென்புறநகர்களின் வரலாற்றிலும் முக்கியமான ஆண்டு. வின்சென்டின் கூடாரம் நின்ற எஸ்பிளனேடுக்குப் பக்கத்திலிருக்கும் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, சுமார் 29 கிலோமீட்டருக்கு, மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்புகள் பெருகின. குடியிருப்புகளைத் தொடர்ந்து கொட்டகைகள். பரங்கிமலையில் ஜோதி, பல்லாவரத்தில் ஜனதா, குரோம் தோல் ஆலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையில் வெற்றி, சிட்லபாக்கத்தில் வரதராஜா, தாம்பரத்தில் நேஷனல், வித்யா, எம்.ஆர். என்று ஊர்ப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அரங்குகள் இவை. மவுண்ட் ரோடுக்குப் போகாமலே படம் பார்க்க முடிந்தது என்பது புறநகர்வாசிக்குப் பெரிய விஷயம். கடைசி மின்ரயிலைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டாம் ஆட்டம் பார்க்கலாம் அல்லவா?

அகன்ற திரை, முப்பரிமாணத் திரை

1953இல் ‘த ரோப்’ படத்துடன் வந்த சினிமாஸ்கோப், ஒளிப்பற்றாக்குறையை மீண்டும் கிளப்பியது. படத்தின் அகலம் ஏறக்குறைய இரட்டித்தது, விளக்கோ அதேதான். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஒளியைக் கூட்டித் தரும் ஒரு புதிய உலோகத் திரையை அரங்குகள் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ வர 1973 ஆயிற்று.

அடுத்த அலை முப்பரிமாணம். 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தா’னும், மறு ஆண்டு தமிழில் ‘அன்னை பூமி’யும் வந்தன. இரு கண்களுக்கும் வேறுவேறு படங்களை அனுப்ப, ஒளியை ஒரு குறிப்பிட்ட முறையில் அதிரும்படி முனைவாக்கி வீழ்த்துவார்கள். வெண்துணி அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும், உலோகம் கலைக்காது. பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி போட்டும் பயனில்லை. 2009இல் ‘அவதார்’ வந்தபோது இதே கதை மீண்டும் நடந்தது. முப்பரிமாணத்துக்காகப் பல அரங்குகள் வெள்ளித்திரைகளை மாட்டின. முப்பரிமாண ஆர்வம் தணிந்த பிறகும் திரைகள் அப்படியே நின்றன. நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் சோர்ந்தும் தெரியும் படத்தை, கண்ணாடி தேவைப்படாத படங்களுக்கு வந்தவர்களும் பார்க்க வேண்டியதாயிற்று. லேசர் விளக்குகள் வந்தபின் வெள்ளித்திரையில் மணல்மணலாக ஒரு மினுமினுப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு சில படங்களின் தேவைக்காக மாற்றிய திரை எல்லாப் படங்களையும் பாதித்தது.

வீட்டுக்குள் வந்த இருள்

இனி வீட்டுக்கு வருவோம். இதுவரை பார்த்த வரலாறு முழுவதும் ஒளிப்பஞ்சத்தின் வரலாறு. வீட்டுக்குள் அந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்பதைப் பலர் உணர்வதில்லை.

எளிய கணக்கு ஒன்று. மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள 16:9 திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. உண்மையாகவே 1000 லூமென் தரும் புரொஜெக்டரின் ஒளி, கெயின் 1 உள்ள வெண்திரையில் விழுந்தால் ஏறத்தாழ 33 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் கிடைக்கும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட அளவு 14 மட்டுமே. அதாவது, நடுத்தரமான கருவிகூட வீட்டில் அரங்கைப் போல் இருமடங்குக்கு மேல் வெளிச்சம் தருகிறது. பிறகு ஏன் படம் வெளிறித் தெரிகிறது? இருள் போதாததால்.

புறநகர் அடுக்ககத்து அறையின் சுவர்கள் வெள்ளை அல்லது சந்தன நிறம், கூரை வெள்ளை, தரையில் பளபளக்கும் டைல்ஸ். திரையிலிருந்து புறப்படும் ஒளி இவற்றில் பட்டு மீண்டும் திரைக்கே வந்து கருமையைக் கழுவிவிடுகிறது. தெருவிளக்கும் அடுத்த வீட்டு மாடி விளக்கும் தம் பங்குக்கு உள்ளே நுழைகின்றன. புரொஜெக்டரால் கறுப்பை வீழ்த்த முடியாது. விளக்கு அணைந்தால் திரை என்ன நிறமோ அதுதான் அதன் கறுப்பு.

நரைத் திரைகள் பிறந்த காரணம் இதுதான். 2000களின் தொடக்கத்தில், கருமையைச் சாம்பலாகவே காட்டிய எல்.சி.டி. கருவிகளுக்கு மாற்றுமருந்தாகச் சாம்பல்நிறத் திரைகள் பரவின. சாம்பல் பரப்பு படத்தின் ஒளியிலும் சிறிது எடுத்துக்கொள்ளும். ஆனால் சுவருக்குப் போய்த் திரும்பும் ஒளியை இரண்டு முறை குறைக்கும். அதனால் மொத்த வெளிச்சம் குறைந்தாலும் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள இடைவெளி கூடும். நரையும் திரையும் முதுமையின் அடையாளங்கள் என்று படித்திருக்கிறோம். இங்கே நரை ஒரு தேர்வு. ஆனால் திரை, அதாவது சுருக்கம், என்றும் பகைதான். சுருட்டி மேலேற்றும் மலிவுத் திரைகளில் சில மாதங்களில் அலையலையாகச் சுருக்கம் விழுந்து, கதாநாயகியின் முகம் கடலில் மிதப்பதுபோல் ஆடும். இடம் இருந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையே நல்லது. சுருட்டித்தான் ஆகவேண்டுமென்றால் இருபுறமும் நூலால் இழுத்துப் பிடிக்கும் வகை.

இன்னொரு வகை, சுவரை ஒட்டி வைக்கும் குறுந்தொலைவுக் கருவிகளுக்கான திரை. பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ரம்பப்பற்கள் போன்ற வரிகள் இருக்கும். கீழிருந்து வரும் ஒளியைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பி, மேலிருந்து விழும் விளக்கொளியை விழுங்கிவிடும். ஜன்னல்கள் திறந்த ஹாலில் பகலில் படம் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் அறையின் பின்னால் மாட்டிய வழக்கமான புரொஜெக்டரை இதன்மேல் வீழ்த்தினால் படம் இருண்டுவிடும். கருவியையும் திரையையும் தனித்தனியாக வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

வேட்டியையே கட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம், வின்சென்டின் காலத்திலிருந்து வந்த வழிதான். இரண்டு எச்சரிக்கைகள் போதும். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த துணி முகங்களின் மஞ்சளைத் தின்று நீலச் சாயலைத் தரும். ஒற்றை மடிப்பில் ஒளி ஊடுருவும் என்பதால் வெளிச்சமும் குறையும். அதைவிட, திரைச்சீலைக் கடைகளில் கிடைக்கும் ஒளிபுகாத துணியின் வெள்ளைப் பக்கம் மேல். விளம்பரப் பதாகைக்கான பிளெக்ஸ் மலிவுதான், ஆனால் அதன் பளபளப்பு புரொஜெக்டரின் விளக்கையே படத்தின் நடுவில் ஒரு வெண்புள்ளியாகக் காட்டிவிடும். பளபளப்பற்ற வெள்ளை எமல்ஷன் பூசிய, மேடுபள்ளம் இல்லாத சுவர் இவற்றையெல்லாம் விடக் குறைந்ததல்ல. முதலில் ஒரு மாதம் சுவரிலேயே படம் பார்த்து, அளவையும் இருக்கையையும் தீர்மானித்துக்கொண்டு பிறகு திரை வாங்குவது அறிவுடைமை. ஐப்பசி கார்த்திகையின் ஈரத்தில் பருத்தித் திரைகளில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும், 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் தரைத்தளங்களில் வெள்ளம் புகுந்ததையும் நினைவில் கொண்டு, அறையை மாடியில் வைத்துக்கொள்வது நலம்.

யாருக்காக?

தொழில்நுட்பக் குறிப்புகளை எல்லாம் படித்த பிறகும் ஒரு கேள்வி மீதமிருக்கும். அறையில் எத்தனை பேர், எங்கெங்கே உட்காரப் போகிறார்கள்? விலைப்பட்டியலில் இதற்கு விடை இருக்காது. இன்றைய விலையுயர்ந்த திரைகளில் பல ஒரு நாற்காலியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நடுவில், குறித்த உயரத்தில், குறித்த தொலைவில் அமர்ந்தவருக்கு அவை அற்புதமாக இருக்கும். பக்கத்துச் சோபாவில் இருக்கும் பாட்டிக்கும், திரைக்கு முன்னால் பாயில் படுத்துப் பார்க்கும் குழந்தைகளுக்கும் அதே படம் மங்கலாகத் தெரியும். ஆற்றல் குறைந்த விளக்குகளின் காலத்தில் ஓரத்தில் இருந்தவரிடமிருந்து ஒளியைப் பறித்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. தேவைக்கு மேல் வெளிச்சம் இருக்கும் வீட்டில் அந்த நியாயம் கிடையாது.

தனியாகப் படம் பார்ப்பவர் எந்தத் திரையை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். பொங்கல் விடுமுறையில் உறவினர் பதினைந்து பேர் சேர்ந்து அமரும் வீட்டுக்கு என் பரிந்துரை, கெயின் 1 உள்ள பளபளப்பற்ற வெண்திரை. சுவர்களை அடர்நிறத்துக்கு மாற்ற மனமில்லையென்றால் அதே குணமுள்ள இளஞ்சாம்பல். மிச்சமாகும் பணத்தில் ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலையும், திரையை அடுத்த பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் கரும்பச்சை அல்லது கருநீலத் துணியும் வாங்கலாம். டூரிங் கொட்டகைகளின் காலம் முடிந்துவிட்டது. மணல் குவித்து உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று கைபேசியில் ஆளுக்கொரு படம் பார்க்கிறார்கள். அவர்களை மறுபடியும் ஓர் அறையில், ஒரே படத்தின் முன் உட்கார வைக்க முடிந்தால், பாயில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் அது ஒன்றுபோலவே தெரியட்டும்.